அரை மைக்ரோலிட்டர் ரத்தமும் பதினைந்து ரூபாயும்

வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் இருக்கும் சர்க்கரை 5 கிராம். வெறும் வயிற்றில் 100 மில்லிகிராம் என்று ஆய்வுக்கூடச் சீட்டில் எழுதித் தருகிறார்களே, அந்த எண்ணின் முழுப் பொருளும் இதுதான். ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் 5 லிட்டருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அது 6.3 கிராமைத் தொட்டால் சர்க்கரை நோய். 3.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். இன்னும் இறங்கினால் நினைவு தப்பும். உயிரின் பாதுகாப்பு எல்லை மூன்று கிராமுக்குள் அடங்கியிருக்கிறது.

இந்த மூன்று கிராம் வித்தியாசத்தை வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி ஐந்தே விநாடியில் அளந்து சொல்கிறது குளுக்கோமீட்டர். உலகில் மிக அதிகமாகப் பயன்படும் உயிர் உணரி, அதாவது பயோசென்சார், இதுதான். புதிய நோய்களுக்குப் புதிய உணரிகள் வேண்டும் என்று ஆய்வகங்கள் உழைத்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஏற்கெனவே வெற்றி பெற்ற ஒன்றின் வரவு செலவை முதலில் எழுதிப் பார்ப்பது நல்லது. நுண்ணுணர்வு எவ்வளவு, பிழை எவ்வளவு, விலை எவ்வளவு என்ற மூன்று பத்திகளும் இதன் பேரேட்டில் ஏறியிருக்கின்றன. மூன்றாவது பத்திதான் என்னை உறுத்துகிறது.

ரத்தத்திலிருந்து தொடங்குவோம். குளுக்கோமீட்டரில் செருகும் இன்றைய ஸ்ட்ரிப் கேட்கும் ரத்தம் 0.3 முதல் 1 மைக்ரோலிட்டர் வரை. நடுவே அரை மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அது உடம்பின் மொத்த ரத்தத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு. அதிலுள்ள சர்க்கரை அரை மைக்ரோகிராம். மூலக்கூறுகளாக எண்ணினால் 17 கோடி கோடி. ஸ்ட்ரிப்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் நொதி ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்தும் 2 எலெக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. துளியில் உள்ள சர்க்கரை முழுவதையும் வினைக்கு உட்படுத்தி அளக்கும் வகை ஸ்ட்ரிப் என்றால், திரளும் மின்னூட்டம் 0.000535 கூலோம். கருவி எண்ணுவது இதைத்தான். திரையில் தெரியும் 100 என்ற எண் இந்த மின்னூட்டத்தின் மறுபெயர்.

ஒரு ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் கருவிக்குள் நுழையும் கம்பித் தடங்கள், கார்பனாலோ உலோகப் படலத்தாலோ ஆனவை. மறுமுனையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வாய். ரத்தத் துளியை அதன் அருகே கொண்டுபோனாலே போதும், உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் தடவ வேண்டியதில்லை. அடியில் பாலியெஸ்டர் தகடு, அதன்மேல் அச்சிட்ட மின்முனைகள், அவற்றின்மேல் நொதியும் எலெக்ட்ரானைக் கடத்தும் வேதிப்பொருளும், அதற்கு மேல் இடைவெளி விடும் ஒரு படலம், கடைசியாக நீரை ஈர்க்கும் மூடி. பனியனில் படம் அச்சிடுவது போன்ற திரை அச்சு முறையிலேயே இந்த மின்முனைகளைப் பெரிய தாள்களில் அச்சிட்டுத் துண்டு போடுகிறார்கள். உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கக்கூடிய பொருள் இது.

இந்த நிலைக்கு வர 25 ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்சும் நொதி மின்முனை என்ற யோசனையை வெளியிட்டது 1962இல். அதை வைத்து ஒய்எஸ்ஐ நிறுவனம் ஆய்வுக்கூடக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1975இல். வீட்டுக்கு வரத் தடையாக நின்றது ஆக்சிஜன். அந்த நொதிக்கு ஒரு குளுக்கோஸுக்கு ஓர் ஆக்சிஜன் வேண்டும். ரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5.5 மில்லிமோல், காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் கால் மில்லிமோல்தான். தேவை 22, கையிருப்பு 1. வினையில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்க 0.6 முதல் 0.7 வோல்ட் அழுத்தம் வேண்டியிருந்தது வேறு. அந்த அழுத்தத்தில் ரத்தத்தில் இருக்கும் பாரசிட்டமாலும் வைட்டமின் சி-யும் எலெக்ட்ரானை விட்டுக்கொடுத்துச் சர்க்கரை மாதிரியே கணக்கில் ஏறிவிடும்.

இரண்டையும் ஒரே அடியில் தீர்த்தவர்கள் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட், ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள். ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரோசின் என்ற இரும்புச் சேர்மம் எலெக்ட்ரானைச் சுமக்கும் என்று 1984இல் காட்டினார்கள். ஆக்சிஜன் தட்டுப்பாடு போயிற்று, வேண்டிய மின்னழுத்தமும் வெகுவாக இறங்கியது. 1987இல் மெடிசென்ஸ் நிறுவனம் எக்ஸாக்டெக் என்ற பெயரில் பேனா அளவிலான கருவியை வெளியிட்டது. விடை வர 30 விநாடி. 1960களில் வந்த டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற நிறம் மாறும் பட்டைக்கு 50 முதல் 100 மைக்ரோலிட்டர் ரத்தம் கொடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து, தண்ணீரில் கழுவி, வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு வந்த ஃப்ரீஸ்டைல் கேட்ட ரத்தம் 0.3 மைக்ரோலிட்டர். நாற்பது ஆண்டுகளுக்குள் நோயாளி கொடுக்கும் ரத்தம் 150இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. விரல் நுனியில் நாளுக்கு நான்கு முறை குத்திக்கொள்ளும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய உதவியைப் பொறியியல் செய்துவிட முடியாது.

அடுத்த பத்தி பிழை. இதற்கென்று உலகத் தரம் ஒன்று இருக்கிறது, ஐஎஸ்ஓ 15197. அதன் 2013 பதிப்பின்படி, சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் வரையிலும், 100-க்கு மேல் இருந்தால் 15 விழுக்காடு வரையிலும் கூடவோ குறையவோ காட்டலாம். நூறு அளவீடுகளில் 95 இந்த வரம்புக்குள் விழ வேண்டும். 2003 பதிப்பு 20 விழுக்காடு வரை அனுமதித்தது. எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். உண்மையில் 120 இருக்கும் ஒருவருக்கு 102 என்றும் வரலாம், 138 என்றும் வரலாம். இரண்டும் தரத்துக்கு உட்பட்டவை. நோய் இருக்கிறதா இல்லையா என்பதை வீட்டுக் கருவியை வைத்து முடிவு செய்யாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது இதனால்தான். ஏற்கெனவே நோய் உள்ளவர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள இந்தத் துல்லியம் போதும்.

தரம் பார்க்காத பிழைகள் வேறு உண்டு. திராட்சைச் சாற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 7 கிராம் குளுக்கோஸ், அதாவது டெசிலிட்டருக்கு 7,000 மில்லிகிராம். பழத்தைத் தின்றுவிட்டுக் கை கழுவாமல் விரலைக் குத்தி, அந்த அரை மைக்ரோலிட்டர் துளியில் நூற்றுக்கு இரண்டு பங்கு சாறு கலந்துவிட்டால், கருவியில் 140 கூடுதலாக ஏறும். 110 இருப்பவருக்கு 250 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். துளி சிறிதாக ஆக, தோலில் ஒட்டிய அழுக்கின் பங்கு பெரிதாகிறது. ரத்தத்தைக் குறைத்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

நொதியைத் தேர்ந்தெடுப்பதிலும் உயிர் போயிருக்கிறது. பிக்யூக்யூ வகை நொதி போட்ட ஸ்ட்ரிப்புகள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணின. வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்குத் தரப்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் உடம்பில் மால்டோஸாக உடைகிறது. உண்மையான சர்க்கரை தரையில் கிடக்க, திரை அதிகம் என்றது, இன்சுலின் ஏற்றப்பட்டது. 1997 முதல் 2009 வரை இந்த வகை ஸ்ட்ரிப்புகளோடு தொடர்புடைய 13 மரணங்கள் பதிவாகியிருப்பதாக 2009 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அங்கே நுண்ணுணர்வுக்குக் குறைவே இல்லை. தேடியதை மட்டும் பிடித்து மற்றதை விடும் குணம்தான் தவறியது.

இனி விலை. மருந்துக் கடையில் 50 ஸ்ட்ரிப் கொண்ட டப்பியின் விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக ஒரு ஸ்ட்ரிப் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். குத்தும் ஊசியின் விலையைச் சேர்க்கவில்லை. ஆண்டுக் கணக்கு இப்படி வரும்:

நாளுக்கு 1 முறை: 365 ஸ்ட்ரிப், 5,475 ரூபாய்.
நாளுக்கு 4 முறை: 1,460 ஸ்ட்ரிப், 21,900 ரூபாய்.
நாளுக்கு 6 முறை: 2,190 ஸ்ட்ரிப், 32,850 ரூபாய்.
கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சார், ஒன்று 5,000 ரூபாய் என்றால்: 26 சென்சார், 1,30,000 ரூபாய்.

இதில் ஆறு முறை என்பது ஆடம்பரம் அல்ல. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கு நாளுக்கு 6 முதல் 10 முறை பார்க்க வேண்டும் என்பது குழந்தைகள் நீரிழிவுக்கான பன்னாட்டு மருத்துவ அமைப்பின் வழிகாட்டல். குறைந்தபட்சத்தையே எடுத்துக்கொண்டோம். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளுக்கு 319 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, நூறு நாளும் முழுக் கூலி கைக்கு வந்தால் 31,900. ஒரு குழந்தையின் ஸ்ட்ரிப் செலவுக்கு அது 950 ரூபாய் குறைகிறது. தாய் ஒருத்தி நூறு நாள் மண் சுமந்த கூலி முழுவதும் பிள்ளையின் விரல் நுனிக்கே போய், இன்னும் மூன்று நாள் கூலியைக் கடன் வாங்க வேண்டும். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. எவ்வளவு போடுவது என்று சொல்லும் ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலான குடும்பங்கள் காசு கொடுத்துத்தான் வாங்குகின்றன. அளக்காமல் போடும் இன்சுலின் எவ்வளவு ஆபத்தானது என்பது அந்த வீட்டார் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஆறு முறையை இரண்டு முறையாக்கிக்கொள்கிறார்கள், நாளடைவில் உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் என்று ஆக்கிக்கொள்கிறார்கள்.

கருவியின் விலை பெரிய பொருட்டல்ல. அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, கூடவே 25 ஸ்ட்ரிப்பை இலவசமாகவும் வைத்து விற்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் கருவிக்கு அதே நிறுவனத்தின் ஸ்ட்ரிப்தான் பொருந்தும். முதல் டப்பி தீர்ந்த பிறகுதான் செலவு தொடங்குகிறது. 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்த அழுத்தக் கருவி, நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர் ஆகிய ஐந்துக்கும் விற்பனை லாப வரம்பை 70 விழுக்காடு என்று கட்டியது. அதற்கு முன் இந்த ஐந்திலும் லாபம் 3 விழுக்காட்டிலிருந்து 709 விழுக்காடு வரை இருந்ததாக அரசே சொன்னது. 709 விழுக்காடு என்றால், விநியோகஸ்தருக்கு 100 ரூபாய்க்கு வந்த பொருள் நோயாளிக்கு 809 ரூபாய்.

நாட்டளவில் பெருக்கிப் பார்ப்போம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. சென்னை மருத்துவர்கள் அஞ்சனாவும் மோகனும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. 1,13,043 பேரை ஊர் ஊராகப் போய்ச் சோதித்தார்கள். களத்தில் அவர்கள் கையில் இருந்ததும் விரல் நுனி ரத்தத்தை அளக்கும் குளுக்கோமீட்டர்தான். அந்த 10.1 கோடிப் பேரும் வாரத்துக்கு ஒரே ஒரு முறை பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கு 525 கோடி ஸ்ட்ரிப். 15 ரூபாய் வீதம் 7,878 கோடி ரூபாய். 3 ரூபாய் வீதம் 1,576 கோடி.

3 ரூபாய் என்பது நான் ஆசைப்பட்டு எழுதிய எண் அல்ல. ஹைதராபாத் பிட்ஸ் வளாகத்திலும் பயோசென்ஸ் என்ற நிறுவனத்திலும் உள்நாட்டிலேயே உருவான குளுக்கோமீட்டர்களை 2014 ஜனவரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிமுகப்படுத்தியபோது, ஸ்ட்ரிப் ஒன்று 2 முதல் 4 ரூபாய் ஆகும் என்று அறிவித்தார்கள். செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் தெருமுனை மருந்துக் கடைக்கு அந்த விலை வந்து சேரவில்லை என்பது வேறு கணக்கு. அறிவுக்கும் இங்கே பஞ்சம் கிடையாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. மின்முனையும் எலெக்ட்ரானும் அவர்களுக்குத் தினசரி வேலை.

வரவுப் பத்தியில் எழுத வேண்டியதும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் குளுக்கோமீட்டரையும் ரத்த அழுத்தக் கருவியையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியவருக்கு அந்தச் சோதனை திண்ணையிலேயே முடிந்துவிடுகிறது. விரைவு நோயறிதல் என்று கருத்தரங்குகளில் பேசுவதை நடைமுறையில் காட்டும் இடம் அந்தத் திண்ணை.

அடுத்த தலைமுறை உணரிகளிடம் நாம் கேட்பது இதைவிடக் கடினமான வேலை. மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தைத் தேட வேண்டும். பரவலாகப் பயன்படும் உயர் நுண்ணுணர்வு ட்ரோபோனின்-டி சோதனையில் இயல்பின் மேல் வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். சர்க்கரையோ லிட்டருக்கு 1 கிராம். எடையில் 7 கோடி மடங்கு வித்தியாசம். மூலக்கூறு எண்ணிக்கையில் ஏறத்தாழ 1,500 கோடி மடங்கு. அரை மைக்ரோலிட்டர் துளியில் சர்க்கரை 17 கோடி கோடி மூலக்கூறு என்றோம். அதே துளியில் ட்ரோபோனின் 1 லட்சத்துச் சொச்சம்தான். அவற்றைச் சுற்றி அல்புமின் மொய்க்கிறது. ஒரு ட்ரோபோனினுக்கு 158 கோடி அல்புமின். இந்திய மக்கள்தொகையைவிடப் பெரிய கூட்டத்தில் ஒரே ஒருவரை முகம் பார்த்துப் பிடிக்கிற வேலை.

சர்க்கரை தானே எலெக்ட்ரானைத் தந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. ட்ரோபோனின் அப்படித் தராது. எதிர்ப்புரதத்தை மின்முனையில் நட்டு அதைப் பிடிக்க வேண்டும், பிடிபட்டதன்மேல் ஒளிரும் பொருளையோ இன்னொரு நொதியையோ ஏற்றிச் சைகையைப் பெருக்க வேண்டும், ஒட்டிக்கொண்ட அல்புமினைக் கழுவி நீக்க வேண்டும். உயர் நுண்ணுணர்வு என்ற பட்டத்துக்கும் நிபந்தனை உண்டு: அந்த மேல் வரம்பில் திரும்பத் திரும்ப அளந்தால் விலகல் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; நலமாக உள்ளவர்களில் பாதிப் பேருக்காவது எண் தெரிய வேண்டும். வெறும் துடிப்பைக் காட்டினால் போதாது என்று பொருள்.

நுண்ணுணர்வைக் கூட்டுவதற்கும் செலவு உண்டு. நெஞ்சு வலி என்று 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு உண்மையான மாரடைப்பு என்று கொள்வோம். நோய் உள்ள நூறு பேரில் 95 பேரைப் பிடித்து, இல்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக விடும் சோதனை என்றால், 48 பேர் சரியாகப் பிடிபடுவார்கள்; நோயே இல்லாத 48 பேரும் கூடவே பிடிபடுவார்கள். அதன் நுண்ணுணர்வை 99-க்கு ஏற்றி, அதனால் விடும் திறன் 80-க்கு இறங்கினால், கூடுதலாக 2 உயிர் கைக்கு வரும். வீணாக ஆம்புலன்ஸ் ஏறுபவர்கள் 48-லிருந்து 190 ஆவார்கள். 2 உயிருக்காக 142 பயணம் தகும் என்றே நான் சொல்வேன். ஆனால் அந்த 142 பயணத்தின் செலவும் சோதனையின் விலையில் அடங்கும். இத்தகைய சோதனைக்கான கார்ட்ரிட்ஜைப் பெட்டிக்கு 25 என்று வாங்கி, காலாவதிக்குள் 8 மட்டும் செலவாகும் சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொன்றின் உண்மை விலையும் மூன்று மடங்கு. 40 டிகிரி வெயிலில் மின்சாரம் நின்ற மத்தியானத்தில் கெட்டுப்போகும் கார்ட்ரிட்ஜுக்கு எவ்வளவு நுண்ணுணர்வு இருந்து என்ன பயன்?

உணரி ஆராய்ச்சியில் இருக்கும் நம் மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடித்தோம் என்ற எண்ணை ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எண்களை எழுதுங்கள்: ஒரு சோதனைக்கு ஆகும் பொருள் செலவு, 40 டிகிரியில் எத்தனை மாதம் தாங்கும், கை கழுவாத விரலில் எவ்வளவு பிழை காட்டும். தங்க நுண்துகளும் கிராஃபீனும் போட்ட மின்முனை நூறு மடங்கு கூர்மையாக இருக்கலாம். நூறு மடங்கு விலையும் ஆகும் என்றால் சாமனப்பள்ளித் திண்ணைக்கு அது வராது.

அரசிடம் கேட்பது இன்னும் எளிது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2,190 ஸ்ட்ரிப். மொத்தக் கொள்முதலில் 3 ரூபாய்க்கு வாங்கினால் 6,570 ரூபாய். ஆயிரம் குழந்தைகளுக்கு 65 லட்சத்து 70 ஆயிரம், பத்தாயிரம் குழந்தைகளுக்கு 6 கோடியே 57 லட்சம். இன்சுலின் கொடுக்கும் அதே மருந்தகச் சன்னலில், அதே சீட்டுக்கு, மாநிலத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் ஸ்ட்ரிப்பையும் கொடுக்க வேண்டும்.